வெளியூர் நடுவர்களை வைத்துச் சென்னையில் பெரிய செஸ் போட்டி நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

முன்னூறு பேர் ஆடும் ஓபன் போட்டியோ, அறுநூறு குழந்தைகள் திரளும் ஒருநாள் ரேபிட் (குறைந்த நேர ஆட்டம்) போட்டியோ, ஹாலும் ஸ்பான்சரும் உறுதியான மறுநாளே நடுவர் பட்டியல் தயாரிக்க உட்கார்ந்துவிட வேண்டும். சென்னையில் நடுவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் மே மாத விடுமுறையில் ஒரே வாரக் கடைசியில் நகரத்தின் நாலு மூலையிலும் போட்டி நடக்கும். எல்லோரும் எங்காவது ஒப்புக்கொண்டிருப்பார்கள். மதுரை, கோவை, திருச்சி, சேலம், நெல்லையிலிருந்து ஆட்களை வரவழைத்தே ஆக வேண்டும்.

வருகிறவருக்கு விதி தெரியும், அனுபவமும் இருக்கும். ஆனால் உங்கள் ஹாலை அவர் அன்று காலையில்தான் பார்க்கிறார். பக்கத்தில் நிற்கும் சக நடுவரின் பெயர்கூடத் தெரியாது. பிரச்சினை வந்தால் யாரிடம் போவது, ரிசல்ட் சீட்டை எந்த மேஜையில் கொடுப்பது, எந்தக் கதவு வழியாகப் பெற்றோர் உள்ளே நுழைவார்கள் என்று எதுவும் தெரியாது. கீழே சொல்லும் ஏற்பாடுகள் பெரும்பாலும் இந்த இடைவெளியை முதல் ரவுண்டு தொடங்குமுன் அடைப்பதற்காகவே.

படி 1: எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிடுங்கள்

மொத்த ஆட்டக்காரர்களை ஓர் எண்ணால் வகுத்து நடுவர் எண்ணிக்கையைச் சொல்வது பலருக்கும் பழக்கம். அந்தக் கணக்கு சராசரி நேரத்துக்குத்தான் சரியாக வரும். போட்டி உடைவது சராசரி நேரத்தில் அல்ல. மிக நெருக்கடியான பதினைந்து நிமிடத்தில். அந்தப் பதினைந்து நிமிடம் எப்போது வரும் என்பது போட்டிக்குப் போட்டி மாறும்.

90 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 வினாடி கூடுதல் என்ற கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டத்தில் 60 நகர்த்தல் போனால் ஆளுக்கு இரண்டு மணி நேரம், மொத்தம் நாலு மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் ஹால் அமைதியாக இருக்கும். மூன்றாவது மணி நேரத்தில்தான் சுமை ஏறும்: நாற்பது போர்டில் இருவருக்கும் நேரம் குறைவு, இன்னொரு ஐம்பது போர்டின் ஸ்கோர் ஷீட் (நகர்த்தல்களை எழுதும் தாள்) வந்துகொண்டிருக்கும், ஆட்டம் முடித்தவர்கள் மேல் போர்டுகளைச் சுற்றி நிற்பார்கள்.

எட்டு வயதுக்குட்பட்டோர் ரேபிட்டில் நிலைமை தலைகீழ். 15 நிமிடம் கொடுத்தாலும் சின்னக் குழந்தைகள் பாதிப் பேர் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுவார்கள். பச்சைக்கொடி காட்டிய எட்டாவது நிமிடத்தில் ஒரே சமயத்தில் நடுவரைக் கூப்பிட்டு முப்பது கைகள் மேலே போகும்.

கிளாசிக்கல் ஓபனுக்கு 25 போர்டுக்கு ஒருவர் என்பது நடைமுறையில் தாங்கும் அளவு. 300 பேர், 150 போர்டு என்றால் பகுதி நடுவர் (ஹாலின் ஒரு பகுதியைப் பார்ப்பவர்) 6 பேர். தலைமை நடுவர் 1, துணைத் தலைமை நடுவர் 2, பேரிங் (யாருக்கு யார் எதிராளி என்ற பட்டியல்) பார்க்க 1, நுழைவாயில் சோதனைக்கு 2, ஓய்வுக்கு மாற்றி விட 1. ஆக 13 பேர்.

குழந்தைகள் ரேபிட்டுக்கு வயது வாரியாகப் பிரியுங்கள். 8 வயதுக்குட்பட்ட பிரிவில் 10 போர்டுக்கு ஒருவர், 10 வயதுப் பிரிவில் 12க்கு ஒருவர், 13 வயதுப் பிரிவில் 15க்கு ஒருவர், அதற்கு மேல் 20க்கு ஒருவர். 300 போர்டில் முறையே 60, 90, 90, 60 என்று பிரிந்தால் 6, 8, 6, 3 என்று 23 பேர். தலைமை 1, துணை 2, பேரிங் 2, மாற்று 2 சேர்த்தால் 30.

இங்கே ஒரு விதியைக் கவனிக்க வேண்டும். ரேபிட்டில் கிளாசிக்கல் விதிகள் முழுமையாகப் பொருந்த வேண்டுமானால் ஒரு நடுவர் அதிகபட்சம் மூன்று ஆட்டங்களைத்தான் கண்காணிக்கலாம் என்கிறது சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே. 300 போர்டுக்கு அப்படி நூறு பேரை யாரும் கூட்ட முடியாது. எனவே குறைந்த கண்காணிப்புக்கான விதிகள்தான் பொருந்தும். எந்த முறை என்பதைப் போட்டி விதிமுறையிலேயே எழுதி அறிவித்துவிடுங்கள். இல்லையென்றால் மதுரையிலிருந்து வந்தவர் ஒரு மாதிரியும் சேலத்திலிருந்து வந்தவர் வேறு மாதிரியும் தீர்ப்பு சொல்வார்கள்; இருவரிடமும் தவறு இருக்காது.

இதோடு பத்தில் ஒருவர் என்ற கணக்கில் சென்னைக்காரர்களையே காத்திருப்பில் வையுங்கள். காய்ச்சல், ரயில் தாமதம், வீட்டில் துக்கம் என்று யாராவது ஒருவர் வராமல் போவது நடக்கும். காத்திருப்பவருக்கு அழைக்காவிட்டாலும் அரைநாள் தொகை கொடுப்பதாகச் சொல்லிவிடுங்கள். சும்மா "தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம்" என்றால் அன்றைக்கு அவர் வேறு வேலையில் இருப்பார்.

படி 2: யாரை அழைப்பது

ஃபிடேயின் ரேட்டிங் (ஆட்டத்திறன் புள்ளி) தளத்தில் ஒவ்வொருவரின் பக்கத்தையும் நீங்களே திறந்து பாருங்கள். தேசிய நடுவரா, ஃபிடே நடுவரா, சர்வதேச நடுவரா, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பது அங்கே இருக்கும். ரேட்டிங் போட்டியில் உரிமம் இல்லாதவரை நடுவராகக் காட்ட முடியாது. இதைப் போட்டி முடிந்து அறிக்கை அனுப்பும்போது கண்டுபிடித்தால், பாதிக்கப்படுவது ரேட்டிங்குக்காக ஆடிய குழந்தைகள்.

பட்டம் மட்டும் பார்த்தால் போதாது; எந்த மாதிரிப் போட்டியில் நின்றவர் என்று கேளுங்கள். 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் நடந்தது போன்ற ஒலிம்பியாடில் நாலு போர்டு கொண்ட ஒரு மேட்சுக்கு ஒரு நடுவர். அங்கே நின்ற அனுபவம் பெரியதுதான். ஆனால் அறுபது குழந்தைகள் ஒன்றாகக் கத்தும் பகுதியைச் சமாளிப்பது வேறு வேலை. அதற்குப் பள்ளி, மாவட்ட அளவிலான போட்டிகளில் வருடக்கணக்கில் நின்ற உடற்கல்வி ஆசிரியர் பல சமயம் பொருத்தமானவர்.

அடுத்தது யாரும் வெளிப்படையாகப் பேசாத சங்கதி. நம் ஊர் நடுவர்களில் பலர் பயிற்சியாளர்கள். அவர்களின் மாணவர்கள் இதே போட்டியில் ஆடுவார்கள். அவர்களை ஒதுக்கினால் ஆளே கிடைக்காது. கண்டுகொள்ளாமல் விட்டால் முதல் தகராறிலேயே "அவர் கோச்தானே" என்ற குரல் வரும். ஒப்புதல் கடிதத்திலேயே ஒரு கேள்வி வையுங்கள்: உங்கள் மாணவர்கள், உறவினர்கள் யார் யார் ஆடுகிறார்கள்? பதிலை வைத்து அந்தப் பிரிவுக்கு அவரைப் போடாதீர்கள். ஒத்த புள்ளி பெற்றவர்களை மோதவைக்கும் ஸ்விஸ் முறையில் பேரிங் மாறிக்கொண்டே இருப்பதால் ஒரே பிரிவுக்குள் போர்டு எண்ணை வைத்து மட்டும் பிரிக்க முடியாது. ஒரே பிரிவுதான் உள்ளது என்றால், அவர் மாணவரின் போர்டில் எது வந்தாலும் பக்கத்துப் பகுதி நடுவர் வந்து தீர்ப்பு சொல்வார் என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

மூன்றில் ஒரு பங்காவது பெண் நடுவர்கள் இருக்கட்டும். மெட்டல் டிடெக்டர் சோதனைக்கும், பயந்து அழும் சிறுமிகளை ஆற்றவும் அவர்கள் தேவை. ஆந்திரா, கேரளா, மகாராஷ்டிராவிலிருந்து ஆட்டக்காரர்கள் வருவதால் ஹாலுக்கு ஒருவராவது தெலுங்கோ இந்தியோ பேசுபவராக இருப்பது நல்லது.

படி 3: கடிதம்

வாட்ஸ்அப்பில் "சார், 14ஆம் தேதி வரீங்களா" என்று கேட்டு "ஓகே சார்" என்று வாங்குவது ஒப்பந்தம் ஆகாது. ஒரு பக்கக் கடிதம் போதும். அதில் இருக்க வேண்டியவை: எந்தப் பொறுப்பு, எத்தனை நாள், முதல் நாள் எத்தனை மணிக்கு ஹாலில் இருக்க வேண்டும், கடைசி நாள் எத்தனை மணிக்கு விடுவிப்பீர்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு தொகை, பயணத்துக்கு எந்த வகுப்பு வரை கட்டணம், அறையில் எத்தனை பேர், சாப்பாடு எத்தனை வேளை, உடை என்ன, பணம் எப்போது எந்த வழியில் வரும்.

தொகையை நாள் கணக்கில் எழுதுங்கள். ரவுண்டு கணக்கில் பேசினால், மழையால் ஒரு ரவுண்டு ரத்தானால் என்ன என்ற வாக்குவாதம் வரும். பான் எண்ணை அப்போதே வாங்கிவிடுங்கள். ஒரு நிதியாண்டில் ஒருவருக்குக் கொடுக்கும் தொழில்முறைக் கட்டணம் 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 30,000 ஆக இருந்தது. ஆண்டுக்கு நாலைந்து போட்டி நடத்தும் அமைப்புகளுக்குத் தலைமை நடுவர் விஷயத்தில் இது பொருந்திவிடும்.

நார்ம் (நடுவர் பட்டத்துக்குத் தேவையான தகுதிச் சான்று) பற்றியும் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். இளம் நடுவர்களில் பலர் வருவதே ஃபிடே நடுவர் அல்லது சர்வதேச நடுவர் பட்டத்துக்கான நார்முக்காகத்தான். இந்தப் போட்டி அதற்குத் தகுதியானதா, யார் யாருக்குப் படிவம் கையெழுத்தாகும் என்பதைத் தலைமை நடுவரிடம் கேட்டு முதலிலேயே உறுதி செய்யுங்கள். நார்ம் கிடைக்கும் என்று நம்பி ஐந்து நாள் விடுப்பு எடுத்து வந்தவரிடம் கடைசி நாள் கையை விரிப்பது பெரிய துரோகம். அடுத்த முறை அவர் வரமாட்டார். அவர் ஊர்க்காரர்களும் வரமாட்டார்கள்.

படி 4: பயணமும் தங்குமிடமும்

2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஆகவே கடிதம் 75 நாளுக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். அறுபதாவது நாள் காலையில் டிக்கெட் எடுக்க வேண்டும். மே மாதம், பொங்கல், தீபாவளி ஒட்டிய நாட்களில் தட்கலை நம்பாதீர்கள். டிக்கெட்டை நீங்களே எடுத்துக் கொடுத்தால் யார் எப்போது வந்து இறங்குவார்கள் என்ற பட்டியலும் உங்கள் கையில் இருக்கும்.

முதல் நாள் காலையில் எழும்பூரில் இறங்கி நேராக ஹாலுக்கு வரச் சொல்லாதீர்கள். இரவு முழுக்க ரயிலில் வந்தவர் மாலை ஏழு மணி ரவுண்டில் கவனமாக இருக்க முடியாது. ஒரு நாள் முன்னதாக வரவழைப்பதற்கு ஆகும் அறை வாடகை, போட்டிச் செலவிலேயே மிக நல்ல செலவு.

தங்குமிடம் ஹாலுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். பெரியமேடு நேரு உள்விளையாட்டு அரங்கம் போன்ற இடம் என்றால் சென்ட்ரலும் எழும்பூரும் பக்கம்; விடுதிகள் நிறைய. ஓஎம்ஆர் பக்கமோ தாம்பரத்துக்கு அப்பாலோ ஒரு பொறியியல் கல்லூரியில் நடத்தினால், கல்லூரி விடுதி அறைகளையே கேளுங்கள். நகரத்தில் தங்கவைத்து வேன் வைத்தால் ஒருநாள் காலைப் போக்குவரத்து நெரிசல் உங்கள் முதல் ரவுண்டை விழுங்கிவிடும். தென் மாவட்டப் பேருந்துகள் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுவதால், பேருந்தில் வருபவர்களுக்கு அங்கிருந்து வண்டி ஏற்பாடு தேவை. பெண் நடுவர்களுக்குத் தனி அறை, கூடவே இரவில் திரும்பப் பொறுப்பான வாகனம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் நகரம் முடங்கியதை எல்லோரும் பார்த்தோம். மழைதான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை: 2025 சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் போட்டி, நடக்கவிருந்த ஹோட்டலில் தீ விபத்து ஏற்பட்டதால் ஒரு நாள் தள்ளித்தான் தொடங்கியது. எனவே அறைகளை ஒரு நாள் நீட்டிக்க முடியுமா, நடுவர்களால் ஒரு நாள் கூடுதலாக இருக்க முடியுமா என்று முன்பே கேட்டு வையுங்கள். ஆசிரியர்களுக்கும் வங்கி ஊழியர்களுக்கும் திங்கட்கிழமை பெரும்பாலும் முடியாது. யாரால் முடியும் என்ற பட்டியல் உங்களிடம் இருக்கட்டும்.

படி 5: முந்தைய மாலைக் கூட்டம்

இதைத் தவிர்த்தால் மற்ற எல்லா ஏற்பாடும் பாதி வீண். ஒரு மணி நேரம், ஹாலிலேயே, நாற்காலி போட்டு உட்காராமல் நடந்தபடியே நடத்துங்கள். ஒவ்வொருவரும் தன் பகுதியில் போய் நிற்கட்டும். கழிப்பறை, குடிநீர், பேரிங் மேஜை, மருத்துவ உதவி, பெற்றோரைத் தடுக்கும் கயிறு எங்கே என்று கண்ணால் பார்க்கட்டும்.

ஒவ்வொருவர் கையிலும் ஒரு அட்டை. ஒரு பக்கம் ஹால் வரைபடம், அவர் போர்டு எண்கள், இரண்டு பக்கத்து நடுவர்களின் பெயர், துணைத் தலைமை நடுவரின் எண். மறுபக்கம் யார் எதைத் தீர்மானிக்கலாம் என்பது. இந்த மறுபக்கம்தான் முக்கியம்.

பகுதி நடுவரே முடிக்கலாம்: தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டுமா என்ற தகராறு, முதல் இல்லீகல் மூவ் (விதிக்கு மாறான நகர்த்தல்), எதிராளியைத் தொந்தரவு செய்ததற்கான எச்சரிக்கை, கிளாக் கோளாறு. துணைத் தலைமை நடுவரை அழைக்க வேண்டும்: ஒரே நிலை மூன்று முறை வந்ததாக டிரா கோரிக்கை, 50 நகர்த்தலாகக் காய் வெட்டோ சிப்பாய் நகர்த்தலோ இல்லை என்ற டிரா கோரிக்கை, கைபேசி பிடிபடுவது, இரண்டாவது இல்லீகல் மூவ், ஒருவருக்குத் தோல்வி விழும் வேறு எந்த முடிவும். தோல்வியைப் பகுதி நடுவர் ஒருவர் தனியாக அறிவிக்கக் கூடாது. அவர் சொன்னது சரியாகவே இருந்தாலும், இரண்டாவது ஆள் வந்து பார்த்துச் சொன்னது என்றால் பெற்றோர் ஏற்பார்கள்; மேல்முறையீடும் குறையும்.

கூட்டத்தில் எல்லோரும் ஒரே பதில் சொல்கிறார்களா என்று வாய்விட்டுக் கேட்டுச் சரிபாருங்கள். இந்த நாலு கேள்விகள் போதும்.

ஒன்று, நிறம் மாற்றி உட்கார்ந்து ஆடத் தொடங்கிவிட்டார்கள். இருவரும் பத்து நகர்த்தல் ஆடுமுன் கண்டால் நிறுத்திச் சரியான நிறத்தில் புதிதாக ஆட வேண்டும். பத்து ஆகிவிட்டால் அப்படியே தொடர வேண்டும்.

இரண்டு, எத்தனை நிமிடம் தாமதமாக வரலாம்? விதிமுறையில் எழுதாவிட்டால் ஃபிடே விதிப்படி அது பூஜ்யம். தொடங்கும் நேரத்தில் இருக்கையில் இல்லாதவர் தோற்றவர். சென்னையில் பூஜ்யம் வைத்தால் முதல் ரவுண்டில் இருபது பேர் அழுவார்கள். 15 அல்லது 30 நிமிடம் என்று எழுதுங்கள்.

மூன்று, இல்லீகல் மூவ் தண்டனை. கிளாசிக்கலிலும் ரேபிட்டிலும் எதிராளிக்குக் கூடுதலாக இரண்டு நிமிடம், பிளிட்ஸில் (அதிவேக ஆட்டம்) ஒரு நிமிடம். இரண்டாவது முறை தோல்வி.

நான்கு, குறைந்த கண்காணிப்பு ரேபிட்டில் இல்லீகல் மூவை நடுவர் பார்த்தால் தலையிடலாமா? எதிராளி அடுத்த நகர்த்தலைச் செய்வதற்குள் தலையிட வேண்டும். அதற்குப் பின் முடியாது.

படி 6: ரவுண்டு நடக்கும்போது

தொடங்குவதற்கு முப்பது நிமிடம் முன்பே பகுதி நடுவர் தன் கிளாக்குகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நம் போட்டிகளில் ஆட்டக்காரர்களே கிளாக் கொண்டுவரும் வழக்கம் இருப்பதால் டிஜிடியும் வேறு மாடல்களும் கலந்து வரும். 30 வினாடி கூடுதல் சரியாக விழுகிறதா என்று இரண்டு பக்கமும் ஒரு முறை அழுத்திப் பார்ப்பதுதான் ஒரே வழி. எல்லா கிளாக்கும் நடுவர் நடக்கும் பக்கம் பார்த்தபடி இருக்கட்டும். ஏஏ பேட்டரிகள் ஒரு பெட்டி, உதிரி கிளாக் 20 போர்டுக்கு ஒன்று.

தொடங்கிய முதல் ஐந்து நிமிடம் யாரும் நிற்கக் கூடாது. எல்லாப் போர்டிலும் நிறம் சரியா, ராஜா ராணி இடம் மாறியிருக்கிறதா, கிளாக் ஓடுகிறதா என்று ஒரு சுற்று. இந்த ஒரு சுற்று பிறகு வரும் தகராறில் பெரும்பகுதியைத் தடுக்கும்.

குழந்தைகள் பிரிவில் ஒரே ஒரு கட்டளையை ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: முடிந்ததும் காயைக் கலைக்காதே, கை தூக்கு. மேட் இல்லாததை மேட் என்று நம்பி இரண்டு குழந்தைகளும் காயை எடுத்துவைத்துவிட்டால், பிறகு நிலையை யாராலும் மீட்க முடியாது. நடுவர் வந்து பலகையைப் பார்த்து, யார் ஜெயித்தது என்று இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுத வேண்டும். "யாருமா ஜெயிச்சது?" என்ற பொதுக் கேள்விக்கு இருவருமே தலையாட்டுவார்கள்.

பெரியவர்கள் பிரிவில் ஆட்டம் முடிந்ததும் ராஜாக்களை நடுவில் வைக்கச் சொல்லுங்கள்: வெள்ளை ஜெயித்தால் இ4, டி5 கட்டங்களில், கறுப்பு ஜெயித்தால் இ5, டி4, டிரா என்றால் இ4, இ5. தூரத்திலிருந்தே எந்தப் போர்டு முடிந்தது என்று தெரியும்.

ரிசல்ட் நகரும் பாதை: இருவரும் கையெழுத்திட்ட ஸ்கோர் ஷீட், பகுதி நடுவரின் சரிபார்ப்பு, பேரிங் மேஜை. அங்கே ஒருவர் வாசிக்க ஒருவர் ஸ்விஸ்-மேனேஜர் மென்பொருளில் ஏற்ற வேண்டும். அதிகம் நடக்கும் பிழை 1-0, 0-1 மாறிப்போவது. அச்சடித்து ஒட்டி, செஸ்-ரிசல்ட்ஸ் தளத்தில் ஏற்றி, பத்து நிமிடம் காத்திருங்கள். வெளியே கைபேசியோடு நிற்கும் பெற்றோர் இரண்டே நிமிடத்தில் பிழையைச் சொல்லிவிடுவார்கள். அதன் பிறகுதான் அடுத்த பேரிங். அவசரத்தில் பேரிங் போட்டு, ஆட்டம் தொடங்கிய பிறகு பிழை தெரிந்தால், ஓடும் ரவுண்டைக் கலைக்காமல் புள்ளியைத் திருத்தி அடுத்த ரவுண்டிலிருந்து சரிசெய்யும் வழிமுறையை முன்பே அறிவித்திருக்க வேண்டும்.

மேல்முறையீட்டுக் குழுவில் மூன்று பேர், மாற்று இருவர். முதல் ரவுண்டுக்கு முன் பெயர்களை ஒட்டிவிடுங்கள்.

ஓய்வு: இரண்டு ரவுண்டு நாளில் நடுவர் எட்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 20 நிமிடம் உட்கார விடுங்கள். கிளாசிக்கலில் இந்த ஓய்வு முதல் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட வேண்டும். மூன்றாவது மணி நேரத்தில் எல்லோரும் தளத்தில். மதியச் சாப்பாட்டை நடுவர்களுக்குத் தனியாக, ஆட்டக்காரர்களின் வரிசைக்கு முன் பரிமாறுங்கள். காலை ரவுண்டு ஒன்றரை மணிக்கு முடிந்து மூன்றரைக்கு அடுத்தது என்றால், கடைசி போர்டுக்காக நின்றவருக்குச் சாப்பிட அதிக நேரம் மிஞ்சாது. அவருக்குப் பொட்டலம் எடுத்து வைக்க ஒரு ஆள் பொறுப்பாக இருக்கட்டும்.

பகுதி மாற்றம் நாளுக்கு ஒருமுறை போதும். ரவுண்டுக்கு ரவுண்டு மாற்றினால், நேற்று எச்சரிக்கப்பட்ட பையன் யார் என்பது யாருக்கும் நினைவிருக்காது.

படி 7: கடைசி நாள்

யாருக்கு எந்த ரயில் என்ற பட்டியலைத் தலைமை நடுவர் மேஜையில் ஒட்டுங்கள். எழும்பூரில் பாண்டியன் பிடிப்பவரும் சென்ட்ரலில் சேரன் பிடிப்பவரும் கிளம்ப வேண்டிய நேரம் வேறு. கடைசி ரவுண்டில் சீக்கிரம் முடியும் கீழ்ப் போர்டுகளை முதலில் கிளம்புபவருக்குக் கொடுங்கள். நீளும் மேல் போர்டுகளை உள்ளூர்க்காரருக்கு.

பணத்தைப் பரிசளிப்புக்கு முன் கொடுத்துவிடுங்கள். யுபிஐயில் அனுப்பினாலும் ரசீதில் கையெழுத்து, பயணச் செலவு தனி வரியில். "ஸ்பான்சர் செக் வந்ததும் அனுப்புகிறோம்" என்ற நிலை வருமானால், அதைப் போட்டிக்கு முன்பே கடிதத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

நார்ம் படிவங்களில் தலைமை நடுவரின் கையெழுத்தை அவர் ஊருக்குக் கிளம்புமுன் வாங்கிவிடுங்கள். நடுவர் பெயர்களின் எழுத்துக்கூட்டலும் ஃபிடே எண்ணும் ரேட்டிங் அறிக்கையில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று அதே மேஜையில் வைத்துச் சரிபார்த்து, நகல் ஒன்றைச் சம்பந்தப்பட்டவர் கைபேசிக்கு அனுப்பிவிட்டுப் படிவ உறையை மூடுங்கள்.